மாருதி 800: ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழல மாட்டேங்குது

கேள்வி:
1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மூணு பிளக்கில் ரெண்டு சுலபமா வந்துருச்சு. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கறது அரைச் சுற்று வந்து, கிரீச்னு சத்தம் போட்டு அப்படியே இறுகிருச்சு. வண்டியோட வந்த பிளக் ஸ்பேனர்தான் போடறேன். அதுல பைப் மாட்டி இழுக்கலாமா?

பதில் 1:
பைப் வேண்டவே வேண்டாம் சார். ஹெட் (பிளக் மாட்டியிருக்கிற இன்ஜினோட மேல்பாகம்) அலுமினியம், பிளக் இரும்பு. அந்தக் கிரீச் சத்தமே மரை காய்ந்துபோய் ஒன்றையொன்று பிடிக்கிறதுக்கு அடையாளம். அதற்கு மேல் இழுத்தால் பிளக் கழுத்தோடு ஒடியும், இல்லாவிட்டால் ஹெட் மரை பிளக்கோடு சுருண்டு வந்துவிடும். பிளக் போனால் புதுசு வாங்கலாம், மரை போனால் லேத் பட்டறைக்குத்தான் போகணும்.

முதல்ல பிளக்கை உள்பக்கமா கொஞ்சம் திருப்புங்க. சுற்றியிருக்கிற மண்ணைக் காற்றடித்து ஊதிட்டு, டபிள்யூ-டி 40 மாதிரி துரு எண்ணெயை அடியில் இறங்கற மாதிரி விட்டு, ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் கால் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. இறுகினால் மறுபடி எண்ணெய், மறுபடி உள்ளே. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். 21 எம்.எம். ஆறு முனை சாக்கெட் போடுங்க, பன்னிரண்டு முனை வழுக்கும். இம்பாக்ட் கன் (அடித்து அடித்துச் சுழற்றுகிற மெஷின்) பக்கமே போகாதீங்க.

பதில் 2:
இன்ஜினை நல்லா ஓட்டி, கொதிக்கக் கொதிக்கக் கழட்டினா வந்துடும் ப்ரோ. அலுமினியம் இரும்பைவிட அதிகமா விரியும்.

பதில் 1:
விரியும் என்பது சரி, ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 14 எம்.எம். மரையில் 40 டிகிரி ஏறினால் கிடைக்கிற கூடுதல் இடைவெளி சுமார் 6 மைக்ரான். எண்ணெய் இறங்க அது உதவும். ஆனால் கொதிக்கிற அலுமினியம் மென்மையாகிவிடும், மரை பிய்வதும் சுலபம். கை வைத்தால் தாங்குகிற சூடே போதும். ஓட்டுவதானால் மற்ற ரெண்டு பிளக்கையும் மாட்டி, இதையும் கேஸ்கெட் (பிளக் அடியில் இருக்கிற வளையம்) உட்காரும்வரை உள்ளே திருப்பியிருக்கணும். பாதி கழன்ற பிளக்கோடு ஓட்டாதீங்க. ஹெட் சூடு குறைந்து வரும்போது எண்ணெய் விடுங்க, ஆற ஆற உள்ளே இழுத்துக்கொள்ளும். நெருப்பு காட்டவே கூடாது, பக்கத்திலேயே கார்புரேட்டர் இருக்கு.

கேட்டவர்:
வந்துருச்சு அண்ணா. ஆனா கடைசி மூணு மரையில வெள்ளி நிறத்துல தூள் ஒட்டியிருக்கு. புதுசு மாட்டலாமா?

பதில் 3:
பொறுங்க. அது ஹெட்டோட அலுமினியம். பிளக் நுனி மரையில் கரி படிந்தால் வெளியே வரும்போது அது அரம் மாதிரி உரசும்.

இக்னிஷன் காயிலிலிருந்து (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் தர்ற பாகம்) வர்ற நடு வயரைப் பிடுங்கி இன்ஜின் பாடியில் எர்த் பண்ணிட்டு, மூணு பிளக்கும் இல்லாமல் அஞ்சு செகண்ட் ஸ்டார்ட்டர் அடிங்க. உள்ளே விழுந்த தூளும் எண்ணெயும் துப்பிடும். முகத்தை மேலே நீட்டாதீங்க, பெட்ரோல் ஆவியும் சேர்ந்து வரும்.

அப்புறம் புது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் சொருகி, அதைப் பிடித்தே சுத்துங்க. கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிடும், மரை தப்பிக்கும். கேஸ்கெட் தொடும்வரை விரல் பலத்திலேயே போனால் மரை நல்லாயிருக்கு. நடுவில் முரண்டு பிடித்தால் 14 × 1.25 திரெட் சேஸரின் (மரையைச் சுத்தம் பண்ணிச் சரிசெய்கிற கருவி) பள்ளத்தில் க்ரீஸ் அப்பி ஓட்டுங்க, தூள் க்ரீஸில் ஒட்டி வெளியே வரும். பிளக் பிடிமானமே இல்லாமல் சுத்தினால் ஹெலிகாயில்தான் (போன மரைக்குப் பதிலாகச் சொருகுகிற கம்பிச் சுருள் மரை), அதற்கு ஹெட்டை இறக்கிச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேட்டவர்:
விரல்லயே முழுசா இறங்குது. எவ்வளவு டைட் பண்ணணும்? மரையில க்ரீஸ் தடவணுமா?

பதில் 3:
ஆறின இன்ஜினில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் (இறுக்கும் அளவு காட்டுகிற ஸ்பேனர்) இல்லையென்றால், கேஸ்கெட் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று, அதோடு நிறுத்துங்க. பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும், ஏற்கெனவே அதன் கேஸ்கெட் நசுங்கியாச்சு. முலாம் பூசின பிளக்குக்கு எதுவும் தடவ வேண்டாம். தடவினால் வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகி, அடுத்த தடவையும் இதே பாடுதான். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை வரும், அது மிச்சமிருக்கிற துரு எண்ணெய் எரிவது.