சுய்காவ் மீன் பூரணம் புட்டு மாதிரி உதிருது, அவசரம்!

செம்பனை_வீடு, காலை 10:12
மீன் சுய்காவ் (தண்ணியில வேக வைக்கிற சீனக் கொழுக்கட்டை) செய்றேன். வெந்ததும் பூரணம் உதிருது, தண்ணி விடுது. பாதி உருண்டைக்கு அடித்தோல் கிழிஞ்சே போச்சு. எல்லாம் சரியாத்தான் போட்டேன். இன்னும் அரைக் கிலோ மீன் பெட்டியில இருக்கு, சாயங்காலம் 5 மணிக்கு ஆளுங்க வர்றாங்க. சீக்கிரம் சொல்லுங்க லா.

கறிவேப்பிலை, 10:20
என்ன மீன்? பச்சை மீனா, ஐஸ்ல கிடந்ததா? உப்பு எவ்ளோ, எப்போ போட்டீங்க? தோல் கடையில வாங்கினதா, வீட்டுல பிசைஞ்சதா? "எல்லாம் சரியா"ன்னா நாங்க என்னத்தைச் சொல்றது?

அம்மிக்கல், 10:24
பிளெண்டர்தான் காரணம், வேற எதுவும் இல்ல. பிளேடு சூட்டுல மீன் பாழாகும். கரண்டியால சுரண்டி, கத்தி முதுகால கொத்தி, சட்டியில 50 தடவை அறையணும். முள் சாய்ஞ்சிருக்கிற திசையிலேயே சுரண்டுங்க, எதிர்த்துச் சுரண்டினா முள்ளும் கூடவே வரும்.

ஈயச்சட்டி, 10:31
இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. பரவாயில்ல, மறுபடி சொல்றேன். அரைக் கிலோ சதைக்குத் தூள் உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. அதை முதல்லயே போட்டு, பிசுபிசுன்னு வர்ற வரைக்கும் அடிக்கணும். மற்ற சாமான் எல்லாம் அப்புறம். கடைசியில உப்புத் தூவுறவங்களுக்குப் பூரணம் வராது, புட்டுதான் வரும்.

செம்பனை_வீடு, 10:40
தெங்கிரி (வஞ்சிரம்). காலையில பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பெஸ்தாரி ஜெயா) சந்தையில வாங்கினது, பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்துப் படகு மீன். பிளெண்டர் இல்ல, கத்திதான். உப்பும் முதல்லயே போட்டேன். தோல் வீட்டுல பிசைஞ்சது, கோதுமை மாவு.

மிளகுத்தூள், 10:44
தெங்கிரியா? அதான் விஷயம். எண்ணெய் மீன் பசையா ஒட்டிப் பிடிக்காது. பாராங் மீன் (முள்ளுவாளை) வாங்கியிருக்கணும்.

கறிவேப்பிலை, 10:52
பாராங் நல்லா இழுக்கும், அது சரி. அதுக்காகத் தெங்கிரி ஆகாதுன்னு சொல்லாதீங்கண்ணே. சீனாவுல ஷான்டோங் கடலோரத்துல தெங்கிரி இனத்து மீன்லதான் சுய்ஜியாவ் (நம்ம சுய்காவ்தான்) செய்றாங்க, அது அந்தப் பக்கத்துப் பேர்போன பண்டம். அவங்க பூரணத்துல தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா அடிச்சு ஏத்துவாங்க, கூட குச்சாயும் (பூண்டு வாசனை அடிக்கிற சீனக் கீரை) பன்றிக் கொழுப்பும் சேரும். கொழுப்பு வேணாம்னா எண்ணெய் போதும். கெம்போங்னா (கானாங்கெளுத்தி) நீங்க சொல்றது பொருந்தும், அதுல கறுப்புச் சதை அதிகம்.
செம்பனை, எந்தக் கோதுமை மாவு? பாக்கெட்டுல "நாயிக் செண்டிரி"ன்னு (தானா உப்புற மாவு) போட்டிருக்கா பாருங்க.

அம்மிக்கல், 10:58
அடிச்ச மீன்ல ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணியில போடுங்க. மிதந்தா பதம்.

ஈயச்சட்டி, 11:03
மிதந்தா உள்ளே காத்து இருக்குன்னு அர்த்தம், பிடிப்பு இருக்குன்னு இல்ல. ஒரே ஒரு உருண்டையை வேக வச்சு, ஆறவிட்டு, விரலால அமுக்கிப் பாருங்க. எழும்பி வந்தா சரி.

அம்மிக்கல், 11:05
மீன் உருண்டை போடுற தவுக்கே (கடை முதலாளி) எல்லாரும் தண்ணியிலதான் போட்டுப் பார்ப்பாங்க. உங்களுக்கு அவங்களைவிடத் தெரியுமோ?

ஈயச்சட்டி, 11:06
மீன் உருண்டை வேற, சுய்காவ் வேற. உருண்டைக்குக் காத்து நல்லது. தோலுக்குள்ள காத்து நின்னா வெடிக்கும்.

மிளகுத்தூள், 11:09
வேற வேறன்னா, நம்ம கொழுக்கட்டைக்குள்ள மீன் வச்சா அதுக்குப் பேரு என்ன?

அம்மிக்கல், 11:10
பச்சரிசி மாவு இல்லாம அது கொழுக்கட்டையே இல்ல.

தோட்டத்துத்_தாளிப்பு, 11:17
இந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். செம்பனை, மீனை எப்படிக் கழுவினீங்க?

செம்பனை_வீடு, 11:30
மாவு நாயிக் செண்டிரிதான், அதுதான் வீட்டுல இருந்துச்சு. கழுவினது எல்லாரும் கழுவுற மாதிரிதான். சதையைத் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, மஞ்சள் போட்டு அரை மணி நேரம் ஊற வச்சேன். கவிச்சி போகணும்ல?

தோட்டத்துத்_தாளிப்பு, 11:41
அதைத்தான் கேட்க நினைச்சேன். துண்டோட ஓரம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்குமே, கவனிச்சீங்களா? உப்புப் பட்டா மீன் சதையில இருக்கிற மையோசின் புரதம் கரைஞ்சு வரும், அதுதான் பசை. புளிப்பு முதல்ல பட்டுட்டா அது வேகாமலே வெந்த கணக்கு. அப்புறம் எவ்வளவு உப்புப் போட்டு அறைஞ்சாலும் ஒட்டாது. குழம்புக்கு எலுமிச்சை, புளி எல்லாம் சரி, அரைக்கிற மீனுக்கு ஆகாது. கவிச்சிக்கு இஞ்சிச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வெள்ளை மிளகு அரைத் தேக்கரண்டி போதும்.
பெட்டியில இருக்கிற மீனை ஐஸ் தண்ணியில மட்டும் அலசி, துணியில ஒத்தி எடுங்க. கொத்தினதும் உப்பு. பிசுபிசுப்பு வந்த பிறகு ஐஸ் தண்ணி 100 மில்லி, ரெண்டு ரெண்டு கரண்டியா, ஒண்ணு இழுத்த பிறகு அடுத்தது. முட்டை வெள்ளை ஒண்ணு, மரவள்ளி மாவு ரெண்டு மேசைக்கரண்டி. குச்சாயை நறுக்கி முதல்ல ரெண்டு கரண்டி எண்ணெயில பிரட்டிட்டு, மடிக்கிற நேரத்துல சேருங்க. உப்போட முன்னாலயே கிடந்தா அதுவும் தண்ணி விடும். சட்டியை ஐஸ் மேல வச்சே அடிங்க.

கறிவேப்பிலை, 11:49
தோலுக்கு அந்த மாவு வேணாம். அதுல சோடா மாவு கலந்திருக்கு, தண்ணியில உப்பி மெலிஞ்சு கிழியும். சாதாரண மாவு 300 கிராம், பச்சைத்தண்ணி 150 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. பிசைஞ்சு ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்க. சுடுதண்ணியில பிசைஞ்சா ஆவியில வைக்கலாம், பொரிக்கலாம். கொதிக்கிற தண்ணிக்குப் பச்சைத்தண்ணி மாவுதான் தாங்கும். நடு கொஞ்சம் தடிப்பா, ஓரம் மெல்லிசா தேயுங்க.
பெரிய சட்டியில 20 தான் போடணும். போட்டதும் கரண்டி முதுகால தள்ளி விடுங்க, அடியில ஒட்டுறதாலயும் கிழியும். பொங்கி வர்றப்ப அரைக் கப் பச்சைத்தண்ணி ஊத்துங்க, அப்படி மூணு தடவை. தளதளன்னு கொதிக்கவே விடாதீங்க.

ஈயச்சட்டி, 11:52
எலுமிச்சை விஷயத்தை முதல் பதிவுலயே எழுதியிருந்தா 10 நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

செம்பனை_வீடு, 11:55
அதெல்லாம் எழுதணுமா? மாவு வாங்க ஓடுறேன்.

மிளகுத்தூள், மதியம் 2:20
உதிர்ந்த பழைய பூரணத்தைக் கொட்டிடாதீங்க. அவிச்ச உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய், வெங்காயம் சேர்த்து ரொட்டித்தூள்ல பிரட்டிக் கட்லட்டாப் பொரிங்க. அதுக்கு உதிரி மீன்தான் வசதி.

அம்மிக்கல், 2:41
கட்லட்டுக்கும் கத்தி முதுகுதான்.

செம்பனை_வீடு, இரவு 9:15
பிடிச்சுக்கிச்சு. மூணுதான் கிழிஞ்சது. நன்றி தாளிப்பு, நன்றி கறிவேப்பிலை.

அம்மிக்கல், 9:22
தண்ணியில மிதந்துச்சா இல்லையா? அதைச் சொல்லாமப் போயிட்டீங்களே.