கிளேஸ்: மெருகா, பூச்சா, படலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் ஓர் ஆசிரியரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து வைக்கும் மண்கலைக் கண்காட்சிக்குத் தமிழ் விவரக்குறிப்புகள் எழுதும்போது கிளேஸ் (glaze), அதாவது சுட்ட பாண்டத்தின் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற மேற்பரப்பு, என்ற சொல்லில் வந்து நிற்கிறோம். அதற்குத் தமிழில் நண்பர் ஒருவர் 'மெருகு' என்றார், இன்னொரு நண்பர் 'பூச்சு' போதும் என்றார். இரண்டுமே நல்ல சொற்கள்தான், ஆனால் இரண்டுக்கும் மண்பாண்டத்தில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

மெருகு என்பது தேய்த்து வருவது. ஈரம் பாதி காய்ந்த பானையைக் கூழாங்கல்லால் அழுத்தித் தேய்த்தால் வருகிற பளபளப்பு அது. நம் கருப்பு சிவப்புப் பானைகளில் இருக்கும் மினுமினுப்பு இந்த வகைதான், அதில் கண்ணாடி கிடையாது. பூச்சு என்பதோ, சுடுவதற்கு முன் மெல்லிய களிமண் குழம்பையோ காவியையோ தடவுவது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானியச் செம்மண் தட்டுகளின் பளபளப்புகூட மிக நுண்ணிய களிமண் பூச்சால் வந்ததுதான். இந்த இரண்டு சொற்களையும் கிளேஸுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்தத் தட்டை என்னவென்று எழுதுவது?

கிளேஸ் என்பது சூளைக்குள் உருகி, ஆறும்போது மண்ணோடு ஒட்டி உறைந்த கண்ணாடி. மணலில் இருக்கிற சிலிக்கா, அதை உருக வைக்க சோடாவோ சாம்பலோ, வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த அலுமினா. பெரும்பாலும் குழம்பாகக் கரைத்து முக்கியெடுப்பதால் பூச்சு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உப்புச் சூளையை நினைத்துப் பாருங்கள், அங்கே யாரும் எதையும் பூசுவதில்லை. சூடு 1200 டிகிரியைத் தாண்டிய பிறகு சூளைக்குள் உப்பைப் போடுகிறார்கள், அது ஆவியாகி அதிலுள்ள சோடியம் பானையின் மண்ணிலிருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து அங்கேயே கண்ணாடியாகிறது. மரச்சூளையிலும் அப்படித்தான். தீ பாய்ந்த பக்கம் சாம்பல் விழுந்து உருகிப் பச்சையாக வழிந்து, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ஒரு சொட்டாக நின்றிருக்கும், அதே ஜாடியின் மறுபக்கம் வெறும் பழுப்பு மண். அதன் கீழே 'சாம்பல் பூச்சு' என்று எழுதினால், பார்க்க வருபவர் விபூதி பூசுவதுபோல யாரோ கையால் தடவியதாகத்தானே நினைப்பார்?

இந்தக் கண்காட்சிக்கு இது சின்ன விஷயம் இல்லை. 1971-இல் அமெரிக்கக் குயவர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்கலைப் பட்டறையைத் தொடங்கியதிலிருந்து, அதிக சூட்டில் சுட்டு இறுகிய ஸ்டோன்வேர் என்ற வகைப் பாண்டம்தான் புதுச்சேரி மண்கலையின் அடையாளம். அங்கே படித்தவர்கள் ஆரோவில், டெல்லி, மும்பை என்று பல ஊர்களில் சூளை வைத்திருக்கிறார்கள், 2018-இல் ஜெய்ப்பூரில் நடந்த இந்திய செராமிக்ஸ் ட்ரையனாலே என்ற மண்கலைக் கண்காட்சியை முன்னின்று நடத்தியவர்களிலும் சிலர் உண்டு. இந்த மரபில் வந்தவர்களின் வேலைகளை ஒரே கூடத்தில் வைத்தால் ஆளுக்கு ஆள் வடிவம் மாறும், மேற்பரப்பில்தான் பாடத்தின் தொடர்ச்சி தெரியும். அந்த மேற்பரப்புக்கான சொல்லே குழப்பினால் குறிப்பு எழுதி என்ன பயன்?

என் பரிந்துரை: கண்ணாடிப்படலம். முதல் முறை முழுதாக, பிறகு சுருக்கமாகப் படலம். ஓசோன் படலம், ஆக்சைடு படலம் என்று பள்ளிப் புத்தகத்திலேயே பழகிய சொல், பூசினாலும் படிந்தாலும் பொருந்தும். உப்புப்படலம், சாம்பல்படலம், படலமேற்றுதல், படலமேறாத அடிப்பாகம் என்று விரித்துக்கொண்டே போகலாம். வாளியில் இருக்கும் சுடாத கரைசலைப் படலக்குழம்பு எனலாம். கண்ணில் படலம் என்ற பொருள் இடிக்கும் என்பார்கள், இடிக்கட்டும், பானைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும்போது யாருக்கும் கண் நோய் நினைவுக்கு வராது. செலடான் (வெளிர்பச்சைப் படலம்), தென்மோக்கு (கருப்பும் பழுப்புமான படலம்) இரண்டும் வகைப் பெயர்கள், அப்படியே இருக்கட்டும்.

சரி, ஸ்டோன்வேருக்கு 'கல்மண்' என்று எழுதி வைத்திருக்கிறேன், அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தண்ணீர் உறிஞ்சாத அளவுக்கு இறுகியது என்ற பொருள் அதில் வரவில்லை. குயவர் குடும்பங்களோடு பழக்கம் உள்ளவர்கள், நன்றாக வெந்து தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பானையை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் கிடைத்தால் அதையே போட்டுவிடலாம்.