காக்டெயில் கிளிக்குப் பழத்தோல் போட்டதிலிருந்து எச்சம் தண்ணியாப் போகுது. என்ன செய்யணும்?

குமுளி ஜோடி:
வணக்கம். ஒரு ஜோடி காக்டெயில். ஆண் கிரே, பெட்டை லுட்டினோ (வெளிர் மஞ்சள் நிறம்), ஒண்ணரை வயசு. இதுவரை தினை, கம்பு, கொஞ்சம் சூரியகாந்தி விதை மட்டும்தான். பத்து நாளா சமையக்கட்டுல மிஞ்சுறதைத் தட்டுல போடுறோம்: பப்பாளித் தோல், கம்பத்துப் பன்னீர் திராட்சை, தர்பூசணி, ஆப்பிள் நடுத்தண்டு, கேரட் நுனி, முந்தாநாள் சாயங்காலம் பட்டர் ஃப்ரூட் தோல். காலையில போட்டா பொழுது சாயத்தான் எடுப்போம். மூணு நாளா ரெண்டுக்கும் எச்சம் தண்ணியா இருக்கு. விளையாட்டு குறையலை. கடையில மஞ்ச நிறத்துல ஒரு மருந்துப் பொடி கொடுத்து, தண்ணியில கலக்கச் சொன்னாங்க. கலக்கலாமா?

தினைக்கதிர்:
பொடியைத் தூர வைங்க. என்ன நோய்னு தெரியாம மருந்து கலந்தா பயனில்லை. நிறமும் கசப்பும் பார்த்துப் பறவை தண்ணி குடிக்கிறதையே குறைச்சிடும்.

நீங்க தண்ணி எச்சத்தைக் கேட்டீங்க. போற போக்குல சொன்ன பட்டர் ஃப்ரூட்தான் உண்மையான ஆபத்து. பழம், தோல், கொட்டை, இலை எல்லாத்துலயும் பெர்சின்னு ஒரு நச்சு இருக்கு. அது பறவையோட இதயத் தசையைக் கெடுத்து நுரையீரலைச் சுத்தி நீர் கோக்க வைக்கும். மாற்று மருந்து கிடையாது. பெரும்பாலும் ரெண்டு நாளுக்குள்ள தெரிஞ்சிடும்: உடம்பை உப்பிக்கிட்டுக் கூண்டுத் தரையில உக்காரும், வாயைத் திறந்து மூச்சு விடும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே மருத்துவர்கிட்ட கொண்டு போங்க. தோலைக் கொத்தின தடம் இருந்துச்சா?

அடுத்தது ஆப்பிள் நடுத்தண்டு. விதையை முழுங்கினா அவ்வளவு மோசமில்லை, ஆனா காக்டெயில் விதையை உடைச்சுத் தின்னுற ஜாதி. உடைஞ்ச ஆப்பிள் விதையில சயனைடு வெளிவரும். உடம்பு எடையே 80லிருந்து 100 கிராம்தான், மறந்துடாதீங்க. பிளம், பீச் கொட்டைக்கும் இதே கதை. பப்பாளி, கொய்யா, மாதுளை விதைக்குப் பயம் வேண்டாம்.

குமுளி ஜோடி:
தோல் அப்படியே கிடந்துச்சுண்ணா, கொத்தின தடம் இல்லை. மூச்சும் சரியா இருக்கு.

தினைக்கதிர்:
நல்லது. இன்னும் ஒரு நாள் கண்ணு வச்சுக்கோங்க.

இனி எச்சம். கூண்டுத் தட்டுல வெள்ளைத் தாள் விரிச்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. எச்சத்துல மூணு பங்கு உண்டு: பச்சை இல்லைன்னா பழுப்புல புழு மாதிரிச் சுருண்ட மலம், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, சுத்தி நிறமில்லாத சிறுநீர். சுருள் கலையாம இருந்து சுத்தி ஈரம் மட்டும் பரவியிருந்தா அது வயித்துப்போக்கு இல்லை. தர்பூசணியில பெரும்பங்கு தண்ணி, அது அப்படியே வெளியே வருது. பழத்தை நிறுத்தினா ஒரு நாள்ல கட்டிப்படும். சுருளே கரைஞ்சு கூழாப் போச்சுன்னா, நாத்தம் அடிச்சா, அதுதான் வயித்துப்போக்கு.

கம்பம் மேற்கு:
திராட்சையைப் பத்தி ஒண்ணு. மேல இருக்குற வெள்ளைப் பூச்சு விரலால தேய்ச்சாப் போகும், அது பழத்தோட சொந்த மெழுகு. காம்பு சேருற குழியில நீலம் பாய்ஞ்ச வெள்ளைப் பொட்டு காஞ்சு ஒட்டியிருந்தா, அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவை. இங்க பந்தல் தோட்டத்துல பூஞ்சைக்கு மருந்து அடிக்காம திராட்சை இல்லை. 1 லிட்டர் தண்ணியில 1 டீஸ்பூன் சமையல் சோடா, 15 நிமிஷம் ஊற வச்சு, ஓடுற தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. அதுலயும் தோலுக்குள்ள இறங்கினது போகாது. அதனால தோலை உரிச்சு, பாதிப் பழம் போதும். வாழைத்தோல், ஆரஞ்சுத் தோல் வேண்டவே வேண்டாம்.

அளவு: பழம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒரு பறவைக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள. காயும் கீரையும் தினம் ரெண்டு டீஸ்பூன் போகலாம். விதை மட்டுமே தின்னா வைட்டமின் ஏ குறையும். அதைச் சரிக்கட்டக் கேரட், மஞ்சள் பூசணி, வேகவச்ச சீனிக்கிழங்கு, முருங்கைக்கீரை. பாலக்கீரையைத் தினமும் கொடுக்காதீங்க, அதுல இருக்குற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பெட்டை முட்டைக்கு வர்ற நேரத்துல அது முட்டை அடைப்புல கொண்டு விடும்.

ரெண்டு மணி நேரத்துல தட்டை எடுத்துடுங்க. குமுளி குளிர்ச்சின்னு நம்பாதீங்க, ஈரக்காத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

வண்டிப்பெரியாறு:
நம்ம மலைப்பக்கம் கைக்கு எட்டுறதுல சிலது. மரவள்ளி இலையும் பச்சைத்தோலும் சயனைடு கொடுக்கும், கப்பை உரிச்ச கையோட தோலைக் கூண்டுல போட்டுடாதீங்க. சேம்பு இலை பச்சையா வேண்டாம், ஊசி மாதிரிப் படிகம் வாயைக் குத்தும். அரளியோட குச்சிகூடக் கூண்டுக்குள்ள போகக்கூடாது. வெங்காயம், பூண்டு, காபி, டீத்தூள், சாக்லேட், உப்புப் போட்ட எதுவும் கிடையாது. காபிக் கட்டையைப் பட்டை சீவி உக்காரும் கம்பாக்கலாம், இலையும் பழமும் ஒட்டியிருக்கக் கூடாது. கொய்யாக் கிளையை மருந்தடிக்காத மரத்துலயிருந்து பட்டையோடவே வைக்கலாம், உரிச்சு விளையாடும்.

குமுளி ஜோடி:
தாள் விரிச்சுப் பார்த்தேன். ஆணுக்குச் சுருள் நல்லா இருக்கு. பெட்டைக்கு உச்சந்தலை இறகு பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு, கிட்டப் போனாப் புளிச்ச மாவு வாசம். சாப்பிடுது, ஆனா குறைவு.

தினைக்கதிர்:
அது வேற கதை. கக்கும்போது தலையை உதறும், கக்கினது உச்சந்தலையில தெறிச்சு ஒட்டும். புளிச்ச வாசம்னா தீனிப்பையில (பறவை கழுத்தடியில இரை தங்குற பை) ஈஸ்ட் பிடிச்சிருக்கலாம், நாள் முழுக்கக் கிடந்த இனிப்புப் பழம் அதுக்கு நல்ல தீனி. உறுதியாச் சொல்ல மருத்துவர் தீனிப்பையிலயிருந்து எடுத்து நுண்ணோக்கியில பார்க்கணும். நாளைக்கு இழுக்காதீங்க.

பழம் முழுக்க நிறுத்தம், தினை மட்டும், தண்ணியை மூணு வேளை மாத்துங்க. ஆணைத் தனிக்கூண்டுல விடுங்க. சமையல் தராசுல பெட்டையை எடை போட்டு எழுதி வைங்க, காலையில தீனிக்கு முன்னாடி. 90 கிராம் பறவை 81க்கு வந்தா அவசரம். கூண்டோட ஒரு பக்கம் வெளியே 60 வாட் பல்பு, 30 டிகிரி வாக்குல சூடு, மறுபக்கம் ஆற இடம். வாய்க்குள்ள எண்ணெயோ தண்ணியோ ஊத்தாதீங்க, புரையேறினா அதுவே முடிச்சிடும்.

பறவை பார்க்குறாங்களான்னு போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க, எல்லா ஆஸ்பத்திரியிலயும் பார்க்க மாட்டாங்க. கீழ இறங்குறதா இருந்தா தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியில விசாரிங்க. காத்தோட்டமுள்ள சின்னப் பெட்டியில துணி விரிச்சுக் கொண்டு போங்க. எச்சம் விழுந்த தாளை மடிச்சு ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கோங்க. அந்த மஞ்சப் பொடிப் பொட்டலத்தையும்தான், ஒருவேளை ஏற்கெனவே கலந்திருந்தா எத்தனை வேளைன்னு மறைக்காம சொல்லுங்க.