அம்பு முனையின் குழல் சுருட்டும்போது பிளக்கிறது, எங்கே தவறுகிறேன்?

புதுஉலை:
வணக்கம். ஆறு மாதமாகக் கொல்லைப்புறத்தில் கரி உலை வைத்துப் பழகுகிறேன். ஆணி, கொக்கி, சின்னக் கத்தி வரை வந்துவிட்டது. இப்போது மூங்கில் அம்புக்கு, குச்சியைச் செருகும் குழலோடு முனை அடிக்க ஆசை. வீடு கட்டி மிஞ்சிய 8 மி.மீ. முறுக்குக் கம்பியில் நான்கு அடித்தேன். முதலில் கூர் வடித்துவிட்டு, மறுபக்கத்தைத் தட்டையாக்கிச் சுருட்டினால் ஓரம் பிளக்கிறது. நான்காவதில் கூரே பொறி பறந்து எரிந்துவிட்டது.

பட்டறைக்காரன்:
தம்பி, முதலில் கம்பியை மாற்றுங்கள். முறுக்குக் கம்பியின் வரிகள் அடி விழும்போது மடிந்து உள்ளே போய்விடும். சுருட்டும்போது அந்த மடிப்புதான் வாய் பிளக்கிறது. வரியில்லாத மைல்ட் ஸ்டீல் (கார்பன் குறைந்த மென்மையான எஃகு) கம்பி போதும்.

அப்புறம், குழல்தான் முதலில், கூர் கடைசியில். கூரை முதலில் வடித்தால் அந்த மெல்லிய நுனி மறுபடி நெருப்பைத் தாங்காது. கம்பியை நீளமாகவே வைத்துக்கொண்டால் குறடும் வேண்டாம்.

நுனியில் 25 மி.மீ. அளவை விசிறி போலத் தட்டுங்கள். வாய்ப்பக்கம் 30 மி.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. கனம் வந்தால் 8 மி.மீ. குச்சிக்குச் சரியாக இருக்கும். பட்டடைமேல் (அடிக்க வைக்கும் இரும்புக் கட்டை) வைத்துச் சுருட்ட வேண்டாம், மெல்லிய தகடு இரும்பில் பட்டதும் குளிர்ந்துவிடும். மரக்கட்டையில் ஒரு பள்ளம் செதுக்கி அதில் வைத்து நடுவில் தட்டுங்கள், ஓடு போல வளையும். பிறகு இரண்டு ஓரத்தையும் மாறி மாறி உள்ளே தள்ளுங்கள். சிவப்பு மங்கினால் சுத்தியலை வைத்துவிடுங்கள். மங்கிய பிறகு நான் ஓர் அடி கூடுதலாகப் போட்டால் என் அப்பா குறட்டைப் பிடுங்கிக்கொள்வார்.

கரிமேடு:
அவசரத்துக்கு ஜி.ஐ. பைப்பை வெட்டிக் குழலாக்கிவிடாதீர்கள். பூச்சில் இருக்கும் துத்தநாகம் சூட்டில் புகையாகும், சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். முனையைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கவும் மெனக்கெட வேண்டாம். மைல்ட் ஸ்டீலில் அதற்கு வேண்டிய கார்பன் இல்லை.

புதுஉலை:
அண்ணா, சாதாக் கம்பியில் ஐந்தாவது பிளக்காமல் வந்துவிட்டது! ஆனால் ஓரங்கள் ஒட்டவில்லை, நூல் அளவு இடைவெளி. வெல்டு வைத்து ஒட்டணுமா?

பட்டறைக்காரன்:
வேண்டாம். இடைக்கால ஐரோப்பிய முனைகளிலும் இப்படி ஒட்டாத குழல்கள் உண்டு. குச்சி நுனியைக் கூம்பாகச் சீவி, அரிவாள் பிடிக்கு ஊற்றுவது போல அரக்கு உருக்கி ஊற்றிச் செருகுங்கள். ஆடாது.