‘ஐ டயலெக்ட்’: கண்வழக்கா, கொச்சைப்போலியா?

வணக்கம்.

‘ஐ டயலெக்ட்’ (eye dialect) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழில் ‘கண்வழக்கு’ எனலாமா என்பது கேள்வி. ‘கண்வழக்கு’ சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் கருத்து அதில் ஏறவில்லை. ஆங்கில மொழி ஆய்வாளர் ஜார்ஜ் பிலிப் கிராப் 1925-இல் இந்தப் பெயரை வைத்தது வட்டார வழக்குக்கு அல்ல. காதுக்கு மாறாமல் கண்ணுக்கு மட்டும் கொச்சையாகத் தெரியும் எழுத்துக்கு. எஸ்-ஏ-ஒய்-எஸ் என்பதை எல்லோரும் ‘செஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அதையே எஸ்-ஈ-இசட் என்று எழுதிவிட்டால் பேசுபவர் படிக்காதவர் என்று வாசகர் முடிவுகட்டிவிடுகிறார்.

தமிழில் யோசித்தால் இது விளங்கும். பெரும்பாலான ஊர்களில் மரமும் மறமும் பேச்சில் ஒரே ஒலி. அங்கே ஒரு பாத்திரத்தின் வாயில் ‘மறம் வெட்டப் போனேன்’ என்று எழுதினால் ஏமாறுவது கண் மட்டுமே. ‘வாளப்பளம்’ அப்படியல்ல, அதில் ஒலியே வேறு. ஐயர், அய்யர் என எழுத்து மாறியும் ஒலி மாறாததைப் ‘போலி’ என்று நம் இலக்கணம் ஏற்கெனவே சொல்கிறது. ஆகவே ‘கொச்சைப்போலி’ என்கிறேன்.

ஆங்கிலம் கற்பவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். இப்படிப்பட்ட எழுத்து புரியாவிட்டால் ‘உரக்கப் படித்துப் பார்’ என்ற வழக்கமான அறிவுரை நம் மாணவரிடம் பலிப்பதில்லை. எழுத்தைப் பார்த்தே ஆங்கிலம் கற்றவர் ‘சேய்ஸ்’ என்பார். எஸ்-ஈ-இசட் அவருக்குப் புதுச்சொல்லாகத் தெரியும், அகராதியில் தேடி அலுத்துப்போவார். எந்த வழக்கமான சொல்லாக இருக்கும் என்று ஊகித்து, முதலில் அகராதியில் அதன் ஒலிப்பதிவைக் கேட்கட்டும். ஒலி ஒன்றானால் கொச்சைப்போலி: வழக்கமான எழுத்தைப் பென்சிலால் மேலே குறித்துவிட்டு நகரலாம்.

ஒலி வேறானால்தான் உழைப்பு. எமிலி பிராண்டியின் 1847 நாவலான ‘வுதரிங் ஹைட்ஸ்’-இல் வேலைக்காரர் ஜோசப் பேசுவது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வழக்கு. ‘டி’ எழுத்து தலைமேல் ஒரு காற்புள்ளியோடு தனியே நின்றால் அது ‘தி’. ‘லேத்’ என்பது தானியக் கொட்டகை. இப்படி ஐந்தாறு மாற்றங்களைக் குறித்துக்கொண்டால் மிச்சப் பேச்சு பெரும்பாலும் பிடிபடும். பிடிபடாத சொல்லுக்கு ஜோசப் ரைட்டின் வட்டார அகராதி இருக்கிறது (6 தொகுதிகள், 1898–1905). எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள்: தென் இங்கிலாந்து வாசகருக்குப் புரியவேண்டும் என்று 1850 பதிப்பில் எமிலியின் அக்கா சார்லட் பிராண்டி ஜோசப்பின் எழுத்துகளை மாற்றினார். ஆசிரியர் கையில் ஒன்றும் மாணவர் கையில் வேறொன்றும் இருந்தால் குழப்பம்தான்.

மறுமொழி:

போலி பொருந்துகிறது ஐயா. ‘கொச்சை’ உறுத்துகிறது. மக்கள் பேச்சை இழிவாகச் சொல்வதாகாதா?

மறுமொழி:

உறுத்த வேண்டும் என்றுதான் அதை வைத்தேன். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கதைகள் பலவற்றில், இருவரும் ஒன்றுபோல ஒலிக்கும் சொல்லே ஆனாலும், கறுப்பினப் பாத்திரம் சொன்னால் சிதைந்த எழுத்திலும் வெள்ளையர் சொன்னால் திருத்தமான எழுத்திலும் வரும். இழிவு அந்த எழுத்துமுறையில் இருக்கிறது, கலைச்சொல் அதை மறைக்கக் கூடாது. ஜோசப்பின் பேச்சுக்கு இந்தச் சொல் வேண்டாம். அதற்கு ‘வட்டார ஒலிப்பெழுத்து’ என்று தனிப் பதிவு போடுவோம்.