ஸ்டிரைக்: தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

யூடியூப் விதிகளை நீலகிரி மலையின் கூடலூர்ப் பக்கத்து இளைஞர்களுக்குத் தமிழில் எழுதித் தரும் வேலை ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. விதியை மீறிய வீடியோவுக்காகச் சேனல் பேரில் ஏறுகிறதே, அந்த ஸ்டிரைக். அப்படியே எழுதிவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தேயிலைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் ஸ்டிரைக் என்றால் வேலைநிறுத்தம். "என் சேனலுக்கு ஸ்டிரைக் வந்துடுச்சு" என்று பையன் சொன்னால், பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு உட்கார்ந்த தகப்பனுக்கு என்ன புரியும்? பேஸ்பால் ஆட்டத்தில் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் மட்டையாளர் வெளியே. அந்தக் கணக்கு இங்கே யாருக்கும் பழக்கமில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். முதல் முறை மீறினால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். அடுத்து மீறினால் முதல் ஸ்டிரைக். ஒரு வாரம் வீடியோ ஏற்ற முடியாது. 90 நாளுக்குள் இன்னொன்று வந்தால் இரண்டு வாரம். அதே 90 நாளில் மூன்றாவதும் வந்தால் சேனலே போய்விடும். ஒவ்வொன்றும் 90 நாளில் காலாவதியாகும். வீடியோவை நாமே அழித்தாலும் ஏறியது இறங்காது. இது தெரியாமல்தான் பலர் பதறிப்போய் அழிக்கிறார்கள்; மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆக, நமக்கு வேண்டியது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடிய சொல். 'எச்சரிக்கை' முந்தைய படிக்கே வேண்டும், அதை இங்கே செலவழிக்க முடியாது. 'தண்டனை'யும் சரிவராது. ஒரு வாரத் தடைதான் தண்டனை. ஸ்டிரைக் என்பது கணக்கில் ஏறும் பதிவு.

'கரும்புள்ளி' நல்ல தமிழ், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரும்புள்ளி செம்புள்ளி குத்துவது ஊரே பார்க்க வேண்டும் என்பதற்காக. ஸ்டிரைக் சேனல்காரருக்கு மட்டும் தெரிவது. 90 நாளில் மறையப்போவதற்கு அத்தனை அவமானம் வேண்டாம்.

'மீறல் புள்ளி' என்ற முன்மொழிவு எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பெரியவர்களுக்குப் புள்ளி என்றால் பரீட்சை மதிப்பெண். கூடினால் நல்லது என்றுதான் காதில் விழும்.

என் முன்மொழிவு: மீறற்குறி. விதிமீறல் என்ற சொல்லை மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அனுமதி இல்லாத கட்டடத்துக்குச் சீல் வைத்த செய்தியில் அடிக்கடி படிக்கிறோம். முதல் மீறற்குறி, இரண்டாம் மீறற்குறி என்று எண்ணவும் வருகிறது.

அப்புறம் பாட்டு விஷயம். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் வீடியோவுக்குப் பின்னால் சினிமாப் பாட்டைப் போட்டால் வழக்கமாக வருவது உரிமைகோரல். விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், சில நேரம் வீடியோ முடக்கப்படலாம். சேனல் கணக்கில் எதுவும் ஏறாது. உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரி, வீடியோ நீக்கப்பட்டால்தான் பதிப்புரிமை மீறற்குறி. அதற்குக் கணக்கே தனி. இன்று இரண்டையும் ஸ்டிரைக் என்றே சொல்கிறார்கள். பாட்டை மாற்றினால் தீர்ந்துபோகும் விஷயத்துக்குச் சேனலையே மூடியவர்கள் உண்டு. சொல் தேடுவதற்கு எனக்கு முதல் காரணம் இதுதான்.

மறுமொழி – குன்னூரிலிருந்து

சொல் சரி. ஆனால் ற் வரும் புணர்ச்சி பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திவிடும். 'மீறல் குறி' என்று பிரித்து எழுதலாமா? 'குறி' என்றால் சிலர் முகம் சுளிப்பார்களே என்றும் ஒரு யோசனை. இன்னொன்று: 2021 ஜனவரியில் மசினகுடியில் யானை மீது தீயை எறிந்த காட்சி பரவியதே, அதைச் செய்தியாக விளக்கத்தோடு போட்டவருக்கும் மீறல் குறி விழுமா?

மறுமொழி

அக்கா, பிரித்தே எழுதுவோம். கேள்விக்குறி, மேற்கோள்குறி எல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பதால் 'குறி'யில் எனக்குத் தயக்கமில்லை.

யானை பற்றிக் கேட்டது முக்கியமான கேள்வி. கல்வி, ஆவணம், அறிவியல், கலை என்ற நோக்கம் வீடியோவிலேயே தெளிவாகத் தெரிந்தால் விதிவிலக்குக் கிடைக்கலாம். எங்கே நடந்தது, என்ன குற்றம், அந்த விலங்கு என்ன ஆனது என்று சொல்லிக் காட்டுவது வேறு. எரியும் நொடியை மட்டும் வெட்டி, அதிரடி இசை சேர்த்துப் போடுவது வேறு. பின்னது நீக்கப்படும், நீக்கப்படவும் வேண்டும். இந்த விலக்குக்கு 'நோக்க விலக்கு' என்று வைக்கலாமா? 'சூழல் விலக்கு' என்றால் முதுமலைக்காரர்கள் காட்டுச் சட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள். மீறல் குறி, உரிமைகோரல் இரண்டையும் கையேட்டில் சேர்த்துவிடுகிறேன்.