துரைக்கு ஒண்ணும் காதுல விழாது

தறிக்காரன்:

எங்க வீட்டுல ரெண்டு நாய். ஒண்ணு துரை, இன்னொண்ணு மணி. துரை ராஜபாளையம் ஜாதி, காசு குடுத்து வாங்கினது. மணி தெருவுல இருந்து தானா வந்து ஒட்டிக்கிட்டது. துரைக்குப் பிறவியிலேயே காது கேக்காது. வாங்கிட்டு வந்து மூணு வாரம் வரைக்கும் எங்களுக்கு அது தெரியவே இல்ல. அந்தக் கதையைச் சொல்றேன், அப்புறம் உங்க வீட்டுக் கதையை நீங்க எழுதுங்க.

எனக்கு சத்திரப்பட்டி பக்கம். வீட்டை ஒட்டியே விசைத்தறி ஷெட்டு. பேண்டேஜ் துணி ஓட்டுறோம், ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற அதே வெள்ளைத் துணிதான். தறி ஓடும்போது உள்ள நின்னா, பக்கத்துல நிக்கிறவன் காதுல வாயை வச்சுக் கத்தினாலும் பாதிதான் புரியும். அதனால எங்களுக்கு எல்லாமே கைச்சாடை. கையைக் குறுக்கே வீசினா தறியை நிறுத்து. ரெண்டு விரலை ஆட்டினா தார், அதாவது குறுக்கே ஓடுற ஊடை நூல் சுத்தின கண்டு, தீர்ந்துபோச்சு. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனா டீ.

குட்டி பார்க்கப் போனப்ப நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு புள்ளி இல்லாத சுத்த வெள்ளையா இருக்கணும், மூக்கு ரோஸா இருக்கணும். 2005ல தபால்தலை போட்டாங்கல்ல, அதுல வந்த நாய் எங்க ஊர்ப் பக்கத்து ஜாதின்னு சின்ன வயசுல இருந்து ஒரு பெருமை. அந்தக் கூட்டுல காதோரம் லேசாப் பழுப்பு விழுந்த குட்டி ஒண்ணு இருந்துச்சு. நான் கதவைத் தள்ளினதும் முதல்ல திரும்பிப் பார்த்தது அதுதான். துரை ஒரு மூலையில தூங்கிட்டுக் கிடந்தான். "இது சாதுவான குட்டி, சத்தமே போடாது"ன்னு விக்கிறவர் சொன்னார். நானும் பெரிய விவரக்காரன் மாதிரி தலையை ஆட்டி வாங்கிட்டு வந்துட்டேன்.

அம்மாதான் பேரு வச்சாங்க. மூக்கும் ரோஸு, கண் இமையும் ரோஸு, வெயில்ல நின்னா இன்னும் சிவந்துபோவான். "வெள்ளைக்காரத் துரை மாதிரி இருக்கான்"னு சொன்னாங்க, அதுவே நின்னுபோச்சு.

கூப்பிட்டா திரும்ப மாட்டான். குட்டிதானே, போகப்போகப் பழகும்னு விட்டுட்டோம். ஒரு நாள் சாயங்காலம் எம் பொண்டாட்டி கழுவிக் கவுத்த எவர்சில்வர் அண்டாவைக் கை தவறிச் சிமெண்ட் தரையில போட்டுட்டா. மணி வாசலைத் தாண்டி ஓடிட்டான். திண்ணையில படுத்திருந்த துரைக்கு மீசை முடிகூட அசையல. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அவ மறுபடி அண்டாவை எடுத்து, இந்தத் தடவை வேணும்னே போட்டா.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பொறுமையா விளக்கினார். உடம்பை வெள்ளையாக்குற அதே குறை காதுக்குள்ளயும் இருக்குமாம். அங்க இருக்க வேண்டிய நிறமி செல் இல்லாட்டி, பிறந்த சில வாரத்துலயே கேக்குற செல்லெல்லாம் பட்டுப்போகுமாம். கூட்டத்தோட இருக்கும்போது கண்டுபிடிக்கிறது கஷ்டம், மத்த குட்டி எந்திரிச்சா இதுவும் எந்திரிக்கும், மத்தது ஓடினா கூடவே ஓடும்னார். ஒரு காது மட்டும் கேக்குற குட்டின்னா நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாதாம், ஆனா அதோட குட்டிகளுக்கு அந்தக் குறை இறங்கலாமாம். சுத்த வெள்ளைதான் வேணும்னு நாமதானே கேட்டு வாங்குறோம்? யார் மேல கோவப்படுறது?

வித்தவருக்கு போன் போட்டேன். நல்ல மனுஷன்தான். "கொண்டாந்து விட்டுட்டு வேற குட்டி எடுத்துக்கோங்க"ன்னார். "இதை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல. நானும் அதுக்கப்புறம் போன் பண்ணல.

என் மச்சான் வந்து பார்த்துட்டுச் சிரிச்சான். "கேக்காத நாய்க்கு எதுக்கு மாப்ள பேரு?"ன்னான். அம்மாவுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "அவனுக்குக் கேக்காட்டி என்ன, எனக்குக் கூப்பிட ஒரு பேரு வேணாமா?"ன்னாங்க. இன்னிக்கும் மத்தியானம் பூ கட்டிக்கிட்டே அவன்கிட்ட ஊர்க் கதை பூரா பேசுவாங்க. அவனும் எதிர்ல உக்காந்து அவங்க வாயையே பார்த்துக்கிட்டிருப்பான். எங்க வீட்டுல அவ்வளவு கவனமா அம்மா பேச்சைக் கேக்குற ஆள் வேற கிடையாது.

பழக்குறது நாங்க பயந்த மாதிரி இல்ல. எங்க பாஷையே சாடைதானே! டீ சாடையை முதல்ல பிடிச்சுக்கிட்டான், ஏன்னா டீயோட பொறை வரும். அப்புறம் குறுக்கே கையை வீசினா நிக்கக் கத்துக்கிட்டான். ராத்திரின்னா கொல்லையில டார்ச்சைத் தரையில மூணு தடவை அடிச்சா உள்ள வந்துருவான். மத்த நாய் எதுவும் தறி ஷெட்டுப் பக்கமே வராது, இவன் ஓடுற தறிக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்குவான், மேலெல்லாம் பஞ்சுத் தூசியோட. அதிசயம் என்னன்னா கரண்ட் போனதும் எந்திரிச்சிருவான். எங்களுக்கு "அப்பாடா"ன்னு காது ஓய்ற நேரத்துல அவன் திடுக்குன்னு முழிச்சு நாலு பக்கமும் பார்ப்பான். தரையோட அதிர்வு நின்னா அவனுக்கு அதுதான் சத்தம்.

வாசல் காவலுக்கு மணி. கேட்டுப் பக்கம் ஆள் வந்தா மணி காதைத் தூக்குவான். துரை எங்க இருந்தாலும் ஒரு கண்ணு மணியோட காது மேலதான் இருக்கும். அது நிமிர்ந்ததும் இவன் பாய்ஞ்சு முன்னால போய் நின்னு குரைப்பான், தொண்டையில என்னமோ சிக்கின மாதிரி ஒரு தினுசான குரல். வர்றவங்க இவனைப் பார்த்துத்தான் பயப்படுவாங்க. வேலை பூரா மணியோடது, பேரு துரைக்கு.

தீபாவளி அன்னிக்கு மட்டும் கணக்கு மாறிடும். வெடிச் சத்தத்துல மணி வெலவெலத்துப் போய்க் கட்டிலுக்கு அடியில நுழைஞ்சிருவான், சோறு தண்ணி இறங்காது. போன வருஷம் துரை என்ன நினைச்சானோ, அவனும் உள்ள புகுந்து பக்கத்துல படுத்துக்கிட்டான். நான் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மணி துரையோட வயித்துக்குள்ள மூஞ்சியைப் புதைச்சு நடுங்கிட்டு இருக்கான். துரை சுகமாக் குறட்டை விடுறான்.

பழைய தபால்காரர்:

நாயும் தபால்காரனும் ஜென்ம விரோதிகள் என்பார்கள். நான் தபால் கொடுக்கும் தெருக்களில் ஒரு செவலை நாய் இருந்தது. சைக்கிள் அந்தத் தெருவில் திரும்பினாலே பின் சக்கரத்தைத் துரத்தும். வருஷக்கணக்காக என் செருப்பை மாற்ற வைத்ததே அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்கு வேட்டி சட்டையில் போனேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையை நக்கியது. ஆள் நான்தான் என்று அதற்கு நன்றாகத் தெரியும். வீட்டில் வந்து சொன்னேன், "அது என்னைப் பார்த்துக் குரைக்கவில்லையடி, கவர்மெண்டைப் பார்த்துக் குரைக்கிறது." மறுநாள் காக்கியில் போனேன், பழையபடி துரத்தியது.

வலிகாமம்:

எங்கட வீமனைப் பற்றி எழுதவோ வேண்டாமோ எண்டு இரண்டு நாளா யோசிச்சன்.

1995 ஒக்ரோபர் 30. சண்டை கிட்ட வந்திட்டுது, பின்னேரம்தான் ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவிச்சவை. இரவோட இரவா யாழ்ப்பாணம் முழுக்க ஒரே றோட்டில. மழை வேற. நாவற்குழிப் பாலத்தில காலை எடுத்து வைக்க இடமில்லை, அதுக்குள்ள நாயை எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது? அப்பா சங்கிலியைக் கழட்டிவிட்டிட்டு, பானையில கிடந்த சோறு முழுக்கத் தாவாரத்தில கொட்டி வச்சவர். நாங்கள் படலையைத் திறந்தாப்பிறகு வீமன் ஒழுங்கை முடக்கு மட்டும் பின்னால வந்தது. அம்மா திரும்பி, "போ வீமா, போய் வீட்டைப் பார்" எண்டு சொன்னவா. அது நிண்டிட்டுது. நான் சின்னப்பிள்ளை, திரும்பித் திரும்பிப் பார்த்தனான். அதிலேயே நிண்டது.

அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகுதான் திரும்பி வந்தம். கூரையில ஓடு இல்லை, கிணத்தடி முழுக்கப் பத்தை. தாவாரத்தில எலும்பும் தோலுமா ஒரு நாய் எழும்பி உறுமினது. அப்பாவுக்குத் தாடி வளர்ந்திருந்தது, எங்கள் எல்லாரிலயும் வேற மணம்போல. கிட்டப் போகப் பயம். அம்மா படலையில நிண்டபடி "வீமா" எண்டா. அவ்வளவுதான். அது நிலத்தோட வயித்தை ஒட்டிக்கொண்டு அரைஞ்சு அரைஞ்சு வந்தது, வரும்போதே மூத்திரம் போய்க்கொண்டு.

அம்மா கனகாலம் ஒண்டையே சொல்லுவா: "நான் போ எண்டு சொன்னதை அது கேட்டதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு." தறிக்காரன் அண்ணை, உங்கட துரை எண்டால் சொன்னது கேளாமல் பின்னாலயே வந்திருக்கும்.

நேரா பேசுறவன்:

எல்லாரும் உருகுறீங்க. எங்கப்பா 71 வயசு, காலையில பால் வாங்கப் போனவரைத் தெருநாய் கடிச்சு, நான் ஊசிக்கு ஊசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலைஞ்சேன். அந்த நாய்க்கு பிஸ்கட் போடுற வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, "அது எங்க நாய் இல்லீங்க"ங்கிறார். சோறு போடும்போது உன் நாய், கடிச்சா ஊர் நாயா? துரை யாரையும் கடிச்சதில்லையா? அதையும் எழுதுங்க.

தறிக்காரன்:

எழுதுறேன். மறைக்கணும்னு இல்ல, சொல்ல வெக்கமா இருந்துச்சு.

துரைக்கு ரெண்டு வயசு அப்போ. பக்கத்து வீட்டுப் பாப்பா, ஆறு வயசு, எந்நேரமும் எங்க திண்ணையிலதான் கிடக்கும். தூங்கிட்டிருந்தவனைப் பின்னால இருந்து போய்க் கட்டிப் பிடிச்சிருச்சு. வேற நாய்னா காலடிச் சத்தத்துல முழிச்சிருக்கும். இவன் அரண்டு போய்த் திரும்பின வேகத்துல முன்னங்கையில ஒரு பல்லு பதிஞ்சிருச்சு. அடுத்த நொடியே யாரைக் கடிச்சோம்னு தெரிஞ்சு தலையைத் தொங்கப் போட்டுட்டான். ஆனா கடி கடிதானே.

குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் கழுவினோம். பிள்ளை கத்துது, அவங்க அம்மா அழுறா, "கழுவினது போதும்"னு எல்லாரும் சொல்றாங்க. நான் விடல. துரைக்கு வருஷா வருஷம் ஊசி போட்ட அட்டை இருக்குன்னு ஆஸ்பத்திரியில நீட்டினேன். "அட்டை இருக்கட்டும், பிள்ளைக்கு ஊசி போட்டே ஆகணும்"னாங்க. போட்ட அன்னிக்கு, அப்புறம் 3, 7, 28ஆம் நாள்னு நாலு தடவையும் நானே பைக்குல கூட்டிட்டுப் போனேன். அவங்க அப்பா என்கூட ஆறு மாசம் பேசல. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அதுக்கப்புறம்தான் அவனை எழுப்புற முறையே மாத்தினோம். தொடுறதே இல்ல. மூக்குக்கு நாலு விரக்கடை முன்னால கையை வச்சுக் காத்திருக்கணும். முதல்ல மூக்கு லேசா விடைக்கும், அப்புறம் மீசை ஆடும், அப்புறம்தான் கண்ணு திறப்பான். திறக்கும்போதே வாலு தரையில தட்டும். வீட்டுக்கு வர்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாப்பாதான் இப்போ இதைச் சொல்லிக் குடுக்குது.

பிஸ்கட் போடுறவர் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. மணி தெருவுல பிறந்தவன்தான், ஆனா கருத்தடையும் ஊசியும் என் செலவு. அவன் என்ன பண்ணினாலும் பஞ்சாயத்து என் வாசலுக்குத்தான் வரணும்.

செங்கம் வாத்தியார்:

"கேட்காத நாய்க்கு எதற்குப் பெயர்" என்று கேட்ட மச்சானிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, கிட்டத்தட்ட 1,400 ஆண்டுப் பழமை. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், அந்த ரெண்டு கள்ளன் பேரு என்ன?" அதைக் கல்லில் எழுதவில்லை.

பழைய தபால்காரர்:

அது சரி, தறிக்காரரே, மணி இப்போது எப்படி இருக்கிறான்? போன வருஷத் தீபாவளியோடு நிறுத்திவிட்டீர்களே.

தறிக்காரன்:

இருக்கான் ஐயா. நாங்க போட்ட கணக்குல பதிமூணு வயசு. மூஞ்சி பூரா நரைச்சாச்சு, கண்ணுல லேசா நீலம் பூத்திருக்கு. இந்தத் தீபாவளிக்கு அவன் கட்டிலுக்கு அடியில போகவே இல்ல. வாசல்லயே படுத்திருந்தான். தைரியம் வந்துருச்சுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். எம் பொண்டாட்டி ஒண்ணும் பேசாம உள்ள போய் அந்த அண்டாவைத் தூக்கிட்டு வந்தா.

அசையல.

எனக்கும் முப்பது வருஷம் தறிச் சத்தத்துலயே நின்னு இடது காது அவ்வளவு சுகமில்ல. இப்போ கேட்டுல ஆள் வந்து தட்டினா துரை மணியைப் பார்க்குறான், மணி என்னைப் பார்க்குறான், நான் செல்லைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். போன வாரம் நூல்காரர் அரை மணி நேரம் நின்னு தட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டார். அதனால எங்க வீட்டுக்கு வர்றவங்க தயவுசெஞ்சு எம் பொண்டாட்டி நம்பருக்கு அடிச்சுட்டு வாங்க.